தேங்காயெண்ணெய்ப் போத்தலில் இருந்த ஊர்

பாரிஸில், லா ஷப்பலில் நாங்கள் இருந்த வீட்டுக் குசினியில், அடுப்புக்கு மேலே ஒரு தட்டில் வைன் போத்தல்கள் வரிசையாக நிற்கும். என் கணவர் வேலை செய்த உணவகம் ஓர் இத்தாலியக் குடும்பத்தினுடையது. வந்தவர்கள் குடித்து முடித்த போத்தல்களில் வடிவானவற்றைக் கழுவிக் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒன்றில் குடிதண்ணீர், ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் வினாகிரி. தோள் சரிந்த, கடும்பச்சைப் போத்தல் ஒன்றில் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய். குளிர்காலத்தில் எண்ணெய் உள்ளே உறைந்து கட்டியாகிவிடும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, இளகிய பிறகுதான் மகளின் தலையில் தேய்க்கலாம்.

முதல்முறை வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தத் தட்டைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். வாய்விட்டுக் கேட்டவர் கீழ்மாடியில் இருந்த மன்னார் அக்கா மட்டும்தான்.

"பிள்ளை, உவ்வளவையும் உன்ரை மனிசன் தனியக் குடிக்கிறவரோ, இல்லாட்டி நீயும் கூடமாட உதவி செய்யிறனியோ?"

நான் பதறிப்போய் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து அவருடைய மூக்கடியில் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மணந்து பார்த்தார். நம்பியதால் சிரித்தாரா, நம்பாமல் சிரித்தாரா என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தேன். அடுத்த நாள் படியில் அவரைக் கண்டபோதும் அதையே யோசித்தேன். எனக்கு அந்த வயதில் எந்தச் சிரிப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தெரியாது.

வீட்டில் இரண்டே அறைகள். முன் அறையில் என் கணவரின் ஊர் இளைஞர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒபர்வில்லியேயில் சாமான் கிடங்குகளில் இரவு வேலை, பகலில் நித்திரை. ஆகையால் பகல் முழுவதும் நானும் மகளும் பின் அறையில் சத்தம் காட்டாமல் இருக்கவேண்டும். கோப்பையைத் தட்டில் வைப்பதென்றால்கூட நான் விரலை இடையில் கொடுத்து வைப்பேன். மகள் பேசப் பழகியபோதே கிசுகிசுக்கத்தான் பழகினாள். பூங்காவுக்குப் போனாலும், மெத்ரோவில் ஏறினாலும், என் கழுத்தைக் கட்டிப்பிடித்துக் காதுக்குள்தான் எதையும் சொல்லுவாள். ஊசி போடப் போன இடத்தில் வைத்தியர், பிள்ளையின் குரல் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவளுடைய தொண்டையைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

அந்த இளைஞர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வரும்போது மரக்கறி வாங்கி வருவார்கள். மகளுக்குப் பிஸ்கட் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போவார்கள். என்னை அக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். என் கணவர் காலையில் போனால் நாங்கள் உறங்கிய பிறகுதான் வருவார். திங்கட்கிழமை உணவகம் பூட்டு. அன்றைக்கு முன் அறையில் காட்ஸ் விளையாட்டு நடக்கும். அவர் நடுவில் இருப்பார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங் கோப்பைகளை எடுத்துக்கொண்டு திரும்புவேன். சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். நான் தனியாக இருக்கிறேன் என்று யாருக்குச் சொல்வது? வாசலில் அத்தனை சோடிச் சப்பாத்துகள் கிடக்கும்போது யார் நம்புவார்?

பின் அறை ஜன்னல் மட்டத்தில் மேம்பாலம் வழியாக மெத்ரோ போகும். ஆட்களின் முகங்கள் தெரியும். மகள் நித்திரையான பிறகு அந்த முகங்களைப் பார்ப்பேன், அலுத்தால் போத்தல்களை எடுத்து அவற்றில் ஒட்டியிருந்ததை வாசிப்பேன். வாசிக்க வேறு அதிகம் இருக்கவில்லை. பரோலோ. பர்பரெஸ்கோ. ஆஸ்டி. தேங்காயெண்ணெய்ப் போத்தலின் தோளில் கண்ணாடியிலேயே எழுத்துகள் புடைத்திருந்தன. மகள் தலைக்கு எண்ணெய் வைக்கும் நேரம் முழுவதும் அவற்றை விரலால் தடவிக்கொண்டிருப்பாள். அது என்ன சொல் என்று முதலாளியின் மனைவியிடம் கேட்டு வரும்படி கணவரிடம் சொன்னேன். அல்பா என்கிற ஊரின் பெயரிலிருந்து வந்த சொல்லாம். அந்த அம்மாவின் தாய்வீடு அதற்குப் பக்கத்தில்தானாம். பரோலோவும் பர்பரெஸ்கோவும் வைனின் பெயர்கள் மட்டுமல்ல, அங்கே மலைமேல் இருக்கிற சின்ன ஊர்களாம்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பூமிசாஸ்திரம் நன்றாக வரும். வட இத்தாலி, போ நதிச் சமவெளி, நெல், திராட்சை, பட்டுப்பூச்சி. பரீட்சைத் தாளில் அந்த நதியை நீலப் பென்சிலால் கீறி, வளைவெல்லாம் சரியாக வந்திருக்கிறது என்று திருப்திப்பட்டிருக்கிறேன். அது உண்மையாகவே ஓரிடத்தில் தண்ணீராக ஓடுகிறது என்று ஒருபோதும் யோசித்ததில்லை.

முன்பெல்லாம் ஆகஸ்டில் உணவகம் பூட்டினால் என் கணவர் வேறோர் இடத்தில் கோப்பை கழுவப் போய்விடுவார். அந்த வருடம் அவருக்கு முதுகுவலி. இந்த முறையாவது ஓய்வெடு என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒரு திங்கட்கிழமை, முன் அறைக்குப் போகிற வழியில் குசினி வாசலில் நின்று என் கணவர் சொன்னார்:

"ஆகஸ்டிலை ஒரு கிழமை எங்கையாவது போவம். நீர்தானே படிச்ச ஆள். எங்கை எண்டு யோசிச்சுச் சொல்லும்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் அதைப் பரீட்சை போல எடுத்துக்கொண்டேன்.

எனக்கு என்ன வேண்டும் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஒரு கிழமை நாங்கள் மூன்று பேரும் மட்டும் இருக்கவேண்டும். கோப்பையைச் சத்தமாக வைக்கவேண்டும். அவரோடு ஒரு கதையைத் தொடங்கினால் அதை முடிக்கவேண்டும். லண்டனில் அவருடைய தமக்கை இருந்தார், ஜேர்மனியில் என் பெரியப்பாவின் மகள். இரண்டு இடத்திலும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆண்கள் ஹோலில், பெண்கள் குசினியில், இரவில் நிலம் முழுக்க மெத்தை. லூர்து மாதாவிடம் போங்கள் என்றார் கீழ்வீட்டு அக்கா. ஆனால் ஆகஸ்டில் லா ஷப்பலில் பாதி பஸ் பிடித்து அங்கேதான் போகும். எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லாத இடமாகத் தேடியபோது எனக்குத் தெரிந்த ஊர்கள் குசினித் தட்டில் இருந்தவை மட்டும்தான்.

அந்த மாசிமாதம்தான் எனக்கு அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம் கிடைத்திருந்தது. இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரியை முதலில் வாசித்தபோது ஒரு கதவு பூட்டியது போல இருந்தது. இப்போது எடுத்து மறுபடி வாசித்தேன். எல்லா நாடுகளுக்கும். இத்தாலிக்கு விசா வேண்டுமா என்று அலுவலகத்தில் போய்க் கேட்டேன், வேண்டாம் என்றார்கள். வேறொரு நாள் போய் வேறொரு ஜன்னலில் கேட்டேன். அங்கேயும் வேண்டாம் என்றார்கள். ஒரே பதிலை இரண்டு பேர் சொன்னதால் கொஞ்சம் நம்பினேன்.

நூலகத்தில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போவேன். நூலகத்தில் எல்லோரும் மெதுவாகத்தான் பேசுவார்கள், ஆகையால் மகளுக்கு அந்த இடம் மிகவும் பிடித்தது. புத்தகம் சொன்ன வழி இது: பாரிஸின் லியோன் நிலையத்தில் ரயில் ஏறி, மலைகளைக் கடந்து தொரினோ. அங்கிருந்து ஆஸ்டி. ஆஸ்டியில் சின்ன ரயிலுக்கு மாறி அல்பா. அல்பாவில் அறை எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஒருநாள் பரோலோ, ஒருநாள் பர்பரெஸ்கோ, ஒருநாள் லா மொர்ரா. லா மொர்ராவில் ஊர் முடிகிற இடத்தில் ஒரு மதில் இருக்கிறதாம், அதில் சாய்ந்து நின்றால் திராட்சைத் தோட்டங்கள் எல்லாம் கீழே தெரியுமாம். எந்த நிலவறையில் எந்த வைனை ருசி பார்க்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. அவற்றையும் விடாமல் எழுதிக்கொண்டேன். பாதியில்தான் யோசித்தேன், வாழ்நாளில் ஒரு சொட்டு வைன் குடிக்காத நான் எதற்காக நிலவறை திறக்கும் நேரத்தையெல்லாம் எழுதுகிறேன்? போகிற இடத்தில் குடித்துத்தான் ஆகவேண்டுமென்றால் என்ன செய்வது? பிள்ளையோடு உள்ளே விடுவார்களா? இந்தக் கேள்விகளையெல்லாம் கணவர் கொண்டுபோய் முதலாளியின் மனைவியிடம் கேட்டார். அந்த அம்மா நன்றாகச் சிரித்தாராம். குடிக்கத் தேவையில்லை, போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலே போதும் என்றாராம். ஆகஸ்டில் பழம் பழுத்திருக்காது, புளிக்கும், பிள்ளையைப் பிடுங்க விடவேண்டாம் என்றும் சொன்னாராம். பிறகு மேசைக்கு விரிக்கிற கடதாசியில் ஒரு துண்டைக் கிழித்து, அல்பாவின் கோபுரங்கள் எங்கே, சந்தை எங்கே, பஸ் எங்கே நிற்கும் என்று கீறிக் கொடுத்துவிட்டார். ஒரு மூலையில் தக்காளிச் சோஸ் பட்டிருந்தது. அதை நான் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.

அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது தெரியும். மகளின் சட்டையை எடுக்கப் போய் அல்பாவில் நின்றுவிடுவேன். அந்த மாதங்களில் நான் பேசியதைவிட அந்தக் கடதாசியைப் பார்த்தது அதிகம். மழை பெய்தால் என்ன, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன, சின்ன ரயிலைத் தவறவிட்டால் என்ன என்று ஒவ்வொன்றாக யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமானைப் பையில் வைத்தேன். கொத்தமல்லி, மழைச்சட்டை, பால்மா, மெழுகுதிரி. மெழுகுதிரி எதற்கு என்று இப்போது நினைவில்லை.

எங்கே போகிறோம் என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்கள்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

ஒருத்தரும் இல்லை என்றால் அவர்களுக்குப் புரியவில்லை. எங்கள் ஆட்கள் ஊருக்கு என்று போவதில்லை, ஆளிடம்தான் போவார்கள். ஜேர்மனி போய் வந்தவரிடம் ஜேர்மனி எப்படி என்று கேட்டால் மச்சான் வீட்டுச் சமையலைத்தான் சொல்லுவார். கீழ்வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

"ஒரு சனத்தைத் தெரியாது. பாஷை தெரியாது. குடிக்கிறதும் இல்லை. பேந்து என்ன கோதாரிக்குப் பிள்ளை அங்கை போறியள்?"

"பாக்க, அக்கா."

"என்னத்தைப் பாக்க?"

அன்றைக்கு அலுமாரிக் கடதாசியைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆள் இல்லை என்று ஏங்குகிறவள், ஆள் இல்லாத இடமாகத் தேடுகிறாள். இது என்ன புத்தி என்று என்னையே கேட்டேன்.

ஆடிமாதம் ஒரு திங்கட்கிழமை என் கணவர் பாரிஸுக்கு வெளியே பொண்டி என்கிற இடத்தில் ஒரு வீட்டுச் சடங்குக்குப் போய்விட்டு வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. மகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனி நீர் பயப்பிடத் தேவையில்லை. தொரினோவிலை ஒரு ஆள் அம்பிட்டிட்டுது."

அவர் பல நாட்களாகத் தேடியிருக்கிறார். உணவகங்களில், கடைகளில், ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் கண்டவர்களிடமெல்லாம் விசாரித்திருக்கிறார். கடைசியில் பொண்டியில் ஒருவரின் மச்சானோடு படித்தவர் தொரினோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று தெரிந்து, அங்கிருந்தே போன் எடுத்துக் கதைத்தும் விட்டார். அந்த ஆள் கலியாணம் முடித்து மனைவியையும் கூப்பிட்டு வைத்திருக்கிறாராம். சொந்த அண்ணனோடு கதைத்தது போல இருந்தது என்றார் என் கணவர். எனக்காகத்தான் தேடினார். நான் இரவும் பகலும் பையில் சாமான் வைத்து எடுப்பதைப் பார்த்து, தெரியாத இடம் என்று இவள் பயப்படுகிறாள் என்று நினைத்திருக்கிறார். அப்படி நினைக்கிறவரிடம் எதைச் சொல்வது? நல்லது என்றேன்.

அதற்குப் பிறகு என் வழி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. முதலில் அல்பா அறை போனது. வீடு இருக்கும்போது எதற்கு ஹோட்டல், அவர்கள் குறை நினைப்பார்கள் என்றார். சரி என்றேன். தொரினோவிலிருந்து காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாம் என்று புதிதாக ரயில் நேரம் பார்த்தேன். அடுத்த கிழமை, அந்த வீட்டுக்காரரும் லீவு எடுத்து எங்களோடு வருகிறாராம், காருக்கு ஒழுங்கு செய்கிறாராம் என்று செய்தி வந்தது. அதற்கும் சரி என்றேன். காரில் எல்லோருக்கும் இடம் போதாது, அப்படியென்றால் ஆண்கள் இருவரும் ஒருநாள் போய்ப் பார்த்து வரட்டும், பிள்ளைக்கும் அலைச்சல் இல்லை என்று முன் அறையில் யாரோ யோசனை சொன்னார்கள். அதைக் கணவர் எனக்கு வந்து சொன்னபோது நான் மகளின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். போத்தலின் எழுத்துகளை அவள் தடவிக்கொண்டிருந்தாள். அதற்கும் சரி என்றுதான் என் வாய் சொன்னது.

நாங்கள் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, தொரினோப் பெண் என்னோடு கதைக்க விரும்புகிறாள் என்று நேரம் சொல்லி அனுப்பினார்கள். எங்களிடம் தொலைபேசி இல்லை. கீழ்வீட்டு அக்காவின் வீட்டுக்குப் போனோம். அக்கா தொலைபேசிக்கு அருகிலேயே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உளுந்தில் கல் பொறுக்கத் தொடங்கினார். கணவர் மகளோடு வாசலில் நின்றார்.

மிகவும் இளம் குரல். கருவேப்பிலை கொண்டுவர முடியுமா என்று முதலில் கேட்டாள். பிறகு சரக்குத்தூள். பிறகு ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தாலே போதும் என்றாள். மார்கழியில் வந்தாளாம். வந்த நாளிலிருந்து எங்கள் பெண்கள் ஒருவரோடும் கதைக்கவில்லையாம்.

"இவர் வேலைக்குப் போனா நான் ரேடியோவைப் போட்டிட்டு அதோடை கதைப்பன், அக்கா. அது தன்ரை பாட்டுக்குச் சொல்லும், நான் என்ரை பாட்டுக்குச் சொல்லுவன்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெத்தையெல்லாம் வெயிலில் போட்டுவிட்டாளாம். கிழமை முழுவதும் நிற்கிறோம் என்று அவளுடைய கணவர் சொன்னாராம், உண்மைதானா என்று கேட்டாள்.

ஓம் என்று சொல்ல எவ்வளவு சுலபம். நான் அதுவரை எல்லாவற்றுக்கும் சொல்லி வந்த பதில். அக்காவின் கை உளுந்தில் நின்றுவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் அந்தக் கிழமை எனக்கு இல்லை, இனி எந்தக் கிழமையும் இல்லை என்று தெரிந்தது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"ரெண்டு இரவு உங்களோடை நிப்பம், தங்கச்சி. பிறகு நாங்கள் மூண்டு பேரும் அல்பாவுக்குப் போறம்."

"அங்கை ஆர் இருக்கினம் அக்கா?"

"ஒருத்தரும் இல்லை."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"நானும் இவரும் அப்பிடி ஒரு நாளும் ஒரு இடத்துக்கும் போகேல்லை."

என் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினார். எங்கள் கதவடியில் நின்று, அந்தத் தொரினோப் பிள்ளை என்ன நினைக்கும் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, விளங்காமல் கேட்டார். நான் சாவியைத் தேடுவது போலக் கைப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்கு உங்களோடை கொஞ்சம் இருக்கவேணும்."

"என்னோடையோ? நான் இஞ்சைதானே இருக்கிறன்."

உள்ளே முன் அறையில் காட்ஸ் தொடங்கியிருந்தது. அண்ணை, கை போட்டாச்சு, வாங்கோ என்று ஒருவர் கூப்பிட்டார். என் கணவர் முன் அறைக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தான் சொன்னது அவருடைய காதிலேயே அப்போதுதான் விழுந்தது போல இருந்தது. இன்றைக்கு நான் இல்லை, நீங்கள் விளையாடுங்கோ என்று சொல்லிவிட்டு என்னோடு பின் அறைக்கு வந்தார். அலுமாரியைத் திறந்து அந்தக் கடதாசியைக் காட்டச் சொன்னார். அவர் கையாலேயே கொண்டுவந்து தந்த கடதாசி, ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தார். நான் தொரினோவில் தொடங்கினேன். ரயில், ஆஸ்டி, சின்ன ரயிலுக்கு மாறும் மேடை. கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அல்பாவுக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். சுவரில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. மிச்ச ஊர்களை நான் மகளுக்குச் சொன்னேன், மெதுவாக.

தொரினோவில் இரண்டு இரவு என்று சொன்னது மூன்று இரவு ஆனது. அந்தப் பெண் கருவேப்பிலைக் கொப்பை ஒரு கிளாஸ் தண்ணீரில் ஊன்றி, ஜன்னலில் பூ வைப்பது போல வைத்தாள். அதைச் சமையலில் போடவே இல்லை. எங்களுக்குச் சமைத்தபோதும் அதில் ஓர் இலையைக்கூடக் கிள்ளவில்லை. புறப்படுகிற அன்று என் கையைப் பிடித்தாள், இன்னும் ஒரு நாள் என்று கேட்கவில்லை. கேட்காதவளுக்கு எப்படி மறுப்பது? அந்த நாளையும் கொடுத்தேன். அப்படித் தொரினோவுக்குக் கொடுத்த நாட்களோடு பர்பரெஸ்கோவும் லா மொர்ராவும் போயின. கடைசியில் நாங்கள் ரயில் ஏறியபோது அவள் மேடையில் நின்று மகளுக்குக் கைகாட்டினாள். ஆஸ்டி வரை நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். செய்தது சரியா, இன்னும் இருந்திருக்கலாமா, அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமா? என் கணவர் ஜன்னலோரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் ஓரிடத்தில் திராட்சைக் கொடிகள் மலை ஏறின. ஊரில் வெற்றிலைக் கொடி இப்படி நிற்காது என்றார். ஓம் என்றேன்.

அல்பா பூட்டிக் கிடந்தது. ஆகஸ்ட் நடுவில் அந்த நாட்டில் பெரிய விடுமுறை வரும் என்று வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. நிலவறை நேரங்களையெல்லாம் எழுதிய நான் அதைக் காணவில்லை. பரோலோவுக்குப் பஸ் இல்லை. சந்தை இல்லை. ஹோட்டல் அம்மா அறைச் சாவியைத் தந்துவிட்டு விசிறியோடு உள்ளே போய்விட்டார். சோஸ் பட்ட கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு கோபுரங்களைக் கண்டுபிடித்தோம். செங்கல் கோபுரங்கள். கீறியிருந்த இடத்திலேயே நின்றன. அதன்பிறகு செய்ய ஒன்றும் இல்லை. வெறும் சதுக்கத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது, மழைக்கும் காய்ச்சலுக்கும் ஆயத்தமாக வந்த நான், அவரோடு என்ன கதைப்பது என்பதை யோசித்து வைக்கவில்லை. வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருப்பதாக நினைத்த கதைகள் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. அவர் முதுகைத் தடவினார். வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். முன் அறைப் பொடியங்கள் இப்போது எழும்பியிருப்பார்கள் என்றார். ஓம் என்றேன். ஒரு புறா வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. பாரிஸில் பின் அறையில் இருப்பதைவிட இது தனிமையாக இருந்தது. அங்கே அவர் வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். இங்கே அவர் பக்கத்தில் இருந்தார்.

மகள் வாங்கிலிருந்து இறங்கி, சதுக்கத்தைச் சுற்றியிருந்த வளைவுகளின் கீழ் நடந்து போய் ஒரு கடை முன்னால் நின்றாள். பூட்டிய கடை, ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் போத்தல்கள் அடுக்கியிருந்தன. நான் எழுந்து பின்னால் போனேன். அவள் கண்ணாடியில் விரலை வைத்து, ஒரு போத்தலின் தோளில் இருந்த புடைத்த எழுத்துகளைத் தடவப் பார்த்தாள். எட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

"எண்ணை! அப்பா, எண்ணை!"

அவளுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. வளைவுகளுக்குள் அது உருண்டு போய்த் திரும்பி வந்தது. புறாக்கள் எழும்பின. மேலே எங்கோ ஒரு ஜன்னல் திறந்தது. என் கை தன்பாட்டில் அவளுடைய வாயைப் பொத்தப் போனது. அவளும் பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு அந்தக் கைக்காகக் காத்து நின்றாள்.

என் கணவர் வாங்கிலிருந்து எழுந்து வந்தார். அவர் கண்ணாடிக்குள் பார்த்துச் சிரித்தார். காட்ஸ் விளையாடும்போது சுவருக்கு அப்பால் கேட்கிற சிரிப்பு. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தது குறைவு.

"ஓமப்பா, எங்கடை தேங்காயெண்ணைதான்," என்று மகளிடம் சொன்னார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"விடும். கத்தட்டும். இஞ்சை ஆர் இருக்கினம்?"

நான் கையை எடுத்தேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், இது உண்மைதானா என்று. நானும் அப்படித்தான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும். பிறகு அவள் கண்ணாடிக்கு நேரே திரும்பி, மூச்சை நன்றாக இழுத்து, இன்னொருமுறை கத்தினாள்.